பெட்வே ஏறிவந்த ஐம்பத்திரண்டு படிகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் ஒஹாயோ ஆற்றோர ஊர்களின் பேஸ்பால் லீகில் இருபத்திரண்டு வயதிலேயே என்னை ஸ்கோர் எழுத வைத்தார்கள். முப்பது வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை, ஐயா.

எங்கள் லீகில் வாழ்நாள் கணக்கில் அதிக ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே, அடித்தவன் என் தம்பி ராய்ஸ் ஸ்ட்ரவுட். இருநூற்று நாற்பத்தேழு. அத்தனையும் நான் எழுதியவை. இந்தக் கோடையில் மைதான வாசலில் அவன் பெயரைப் பித்தளைத் தகட்டில் பதிப்பதென்று முடிவானபோதுதான் லூஷியஸ் கேடியின் பேச்சு கிளம்பியது.

கேடி கறுப்பர். லீகில் கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு ஆறு வருஷம் ஆடித் தொண்ணூற்றொன்று அடித்தார். அதற்கு முன் பதினொரு வருஷம் அவர்களுடைய தனி அணியில், அதே மைதானத்தில், திங்கட்கிழமைகளில் ஆடியவர். அங்கே அடித்ததையும் சேர்க்கலாமா என்பதில் ஊரே இரண்டுபட்டது.

"திங்கக்கிழமைன்னா வேலி நாலடி முன்னால வந்து நின்னுச்சா? அதே வேலிதானய்யா" என்றார் முடிவெட்டும் ஹோபர்ட், என் பிடரியில் கத்தரியை வைத்துக்கொண்டே.

"பந்து போட்டவன் யாரு, அதைச் சொல்லு" என்றார் காத்திருந்த ஒருவர்.

"எழுத்துல இருந்தா காட்டட்டும். நானே முதல் கையெழுத்துப் போடுறேன்" என்றேன். நியாயமான பேச்சு என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஏமோஸ் பெட்வே போன் செய்தார். அந்தத் தனி அணிக்கு ஸ்கோர் எழுதியவர். எழுபத்தொரு வயது. போன குளிர்காலத்தில் இதய நோயோடு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீக்கிரம் குணமாக வேண்டுமென்று நானே வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தேன். பதினொரு வருஷப் புத்தகங்களும் பத்திரமாக இருக்கின்றன என்றார். செவ்வாய் மதியம் மைதானத்துக்கு வாருங்கள் என்றேன்.

என் வீட்டு முன்னறையில் மின்விசிறி இருக்கிறது, படி கிடையாது. மைதானத்து ஸ்கோர் அறை கூரைக்கடியில் இருக்கிறது, ஐம்பத்திரண்டு படி. ஒப்பிட்டுப் பார்க்க என் புத்தகங்கள் அங்கேதான் இருந்தன. அது பொய்யில்லை.

அன்று வெயில் கொளுத்தியது. அவர் கோட்டும் டையும் அணிந்து, தோல்பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மூன்று இடத்தில் நின்றார். நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டினேன். ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாக எண்ணினோம். நூற்று அறுபத்து மூன்று. தொண்ணூற்றொன்றைச் சேர்த்தால் இருநூற்று ஐம்பத்து நான்கு.

"சரியா இருக்குங்களா, மிஸ்டர் ஸ்ட்ரவுட்?"

"சரியா இருக்கு, ஏமோஸ்."

சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கோட்டுப் பையில... மாத்திரை" என்றார்.

எழுந்து போய்க் கோட்டை எடுத்தேன். குப்பி கைக்குத் தட்டுப்பட்டது. கோட்டை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பார். "மாத்திரைங்க, மிஸ்டர் ஸ்ட்ரவுட்" என்று மறுபடியும் மரியாதையாகவே கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை; என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் ஆனது. கோட்டைக் கொக்கியில் மாட்டினேன், பையைக் கொண்டுபோய்க் காரில் வைத்தேன், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சவ அடக்கத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நேரத்தில் நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே என்று அழுதாள். பெட்வேயின் புத்தகங்களை அடக்கத்துக்கு முன்தினமே கொல்லைப்புறத்துக் குப்பைப் பீப்பாயில் எரித்திருந்தேன்.

லீக் குழு கூடியது. யாரும் எதிர்பார்க்காமல் ராய்ஸ் எழுந்தான்.

"அந்தத் திங்கக்கிழமை ஆட்டமெல்லாம் நான் வேலியோரம் நின்னு பாத்தவன். என்னைவிட அவர்தான் அதிகம் அடிச்சாரு. புத்தகத்தை எடுத்துட்டு எங்க அண்ணனைப் போய்ப் பாருங்கன்னு பெட்வேகிட்ட சொன்னதே நான்தான். என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போடுங்க."

புத்தகம் எங்கே என்றார் தலைவர். யாரிடமும் இல்லை. எழுத்தில் இல்லாததை ஏற்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். கேடி தொப்பியை எடுத்துக்கொண்டு, ராய்ஸின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

காரில் வரும்போது ராய்ஸ் கேட்டான்: "அண்ணே, வெறுங்கையோடயா அந்த மனுஷன் அத்தனை படி ஏறுனாரு?"

நான் வேகத்தைக் கூட்டினேன். அடுத்த திருப்பத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டான். போலீஸ் என்று உங்களிடம் முதலில் வந்து சொன்னது அவனாகத்தான் இருக்கும். சரியாகத்தான் செய்திருக்கிறான்.

தம்பிக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். நெஞ்சு வலிப்பதற்குச் சற்று முன்னால் பெட்வே என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "இந்த ஆட்டத்துக்கு நானும் வந்திருந்தேங்க. பந்து வேலியைத் தாண்டலையே?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல். அது தாண்டவில்லைதான்; நான்தான் ஹோம் ரன் என்று எழுதினேன். அதுபோல் இன்னும் எட்டு இருக்கின்றன. ராய்ஸுக்கு எதுவும் தெரியாது.

மாத்திரை கேட்ட மனிதரை நான் என் பெயருக்காகச் சாகவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.