பார்க்காதவர் ஒருவர் இருக்கும் அறை

மேடையில் அமர்ந்திருக்கும் காபிக் கடை உரிமையாளர் திருமதி இனோகுச்சி அவர்களே! முப்பத்தொரு வருடமாக எங்கள் கூச்சலைப் பொறுத்துக்கொண்டு, இனிப்புப் பயறு தடவிய ரொட்டியும் பரிமாறிய தாயே! மறைந்த நம் தலைவரின் மகள் சிசாத்தோ அவர்களே! "முகமே வீரன்" அணியினரே! "நடையே வீரன்" என்னும் என் அணியினரே! இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவிய பெரியோர்களே! நாகோயா முகமூடி வீரர் ரசிகர் மன்றத்தின் துணைத் தலைவன், பல் மருத்துவன் மகாபே, உங்களையெல்லாம் வணங்குகிறேன்.

மறைந்தவர் யார்? மீன் சந்தையில் ஏலம் கூவியவர் என்று சொன்னால் போதுமா? போதாது! அவர் விவாதச் சிங்கம் ஹிரானுமா கோசாக்கு! எதிரணிக்கு மூச்சு விட நேரம் தராத எங்கள் தலைவர் ஹிரானுமா கோசாக்கு!

எங்கள் சண்டை உங்களுக்குத் தெரியும். ஒரே வீரனுக்கு முகம் காட்டி நடிப்பவர் ஒருவர். கவசத்துக்குள் புகுந்து குதிப்பவர் இன்னொருவர். ஐம்பது வருடத்துக்கு முன் தொலைக்காட்சியில் தோன்றி நம்மைச் சோற்றுக் கிண்ணத்தை விட்டு எழவைத்த முகமூடி வீரர் பனிப்பருந்து, பல உலகத்து வீரர்கள் கூடும் படத்தில் ஒரு நிமிடம் தலை காட்டினால், எது வந்தால் அவர் வந்ததாக அர்த்தம்? அந்தக் கவசமும் அந்த நடையும் போதும் என்றேன் நான். கிழட்டு முகத்தைக் காட்டிக் கனவைக் கெடுக்காதே என்றும் சொன்னேன். தலைவரோ, "முகம் வரலேன்னா ஆளே வரலேய்யா!" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

பதினொரு வருடத்துக்கு முன், ரசிகர்கள் கூவலாம் என்று அனுமதித்த அந்தச் சிறப்புக் காட்சியை மறக்க முடியுமா? திரையில் பனிமூட்டம். முதுகு காட்டி ஒரு கவசம் நடந்து வருகிறது. தலைவர் எழுந்தார். ஏலக் குரலில் "அந்த நடையப் பாருங்கய்யா! நம்மாளு வந்துட்டாரு!" என்று ஒரு போடு போட்டார். முந்நூறு பேரும் எழுந்து கைவிளக்கை ஆட்டி ஆர்ப்பரித்தோம். உருவம் திரும்பியது. கவசத்தைத் திருடிய வில்லன்! அவனுக்கா அத்தனை வரவேற்பு!

படம் முடிந்ததும் தலைவர் திரைக்கு முன்னால் போய் நின்று, முந்நூறு பேருக்கும் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்தவர் என்னைத் தேடிப் பிடித்து என்ன சொன்னார்? "பாத்தியாய்யா மகாபே, நடைய நம்பி மோசம் போனேன். அதான் முகம் வேணுங்கறேன்!" விழுந்த இடத்திலேயே எனக்குக் குழி வெட்டினார்!

மன்றத்தின் முதல் விதியை எழுதியதும் அவர்தான். பார்க்காதவர் ஒருவர் இருக்கும் அறையில், பார்த்தவர் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்த விதிக்காக அவர் சொந்தத் தம்பியையே ஆறு மாதம் மன்றத்தை விட்டுத் தள்ளி வைத்தாரே!

கடந்த செவ்வாய்க்கிழமை, பனிப்பருந்து வருவார் என்று பேசப்பட்ட புதுப் படத்தின் வெளியீட்டுக்கு முந்தைய காட்சிக்குக் குலுக்கலில் எனக்குச் சீட்டு விழுந்திருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நேராகத் தலைவர் படுத்திருந்த மருத்துவமனைக்குப் போனேன்.

"என்னய்யா, பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் தலைவரே."

"வாயத் தொறந்தே, கொன்னுபுடுவேன். வெள்ளிக்கிழமை படம் வெளிவருது, சிசாத்தோ சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போறா. நானே பாத்துக்கறேன்."

நான் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டேன். "கண்ணையும் மூடுய்யா, அது வேற உளறுது!" என்றார்.

வெளியே வராந்தாவில் சிசாத்தோ என் கையைப் பிடித்தாள். "மாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்றாரு. நீங்களே சொல்லிடுங்களேன்."

நான் என்ன சொன்னேன்? "விதி இருக்கேம்மா" என்றேன். அன்பர்களே, அது முழு உண்மையா? இல்லை! சொன்னால் நான் தோற்றேன் என்று அவர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருட வீம்பு விடவில்லை. வியாழக்கிழமை காலை அவர் போய்விட்டார். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவன், திறக்க வேண்டிய நேரத்தில் என் வாயை மூடிக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு, சிசாத்தோ.

இன்று ஞாயிற்றுக்கிழமை. படம் பார்க்காதவர்கள் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? இருக்கிறார்! இதோ, மாலை நடுவே படமாகச் சிரிக்கும் இவர் பார்க்கவில்லை. விதிப்படி இன்றும் நான் வாய் திறக்கக் கூடாது. திறக்கப் போகிறேன்! என்னை எத்தனை மாதம் வேண்டுமானாலும் தள்ளி வையுங்கள்!

தலைவரே, நம்ம பனிப்பருந்து வந்தாருய்யா! கவசம் இல்லாம, முகத்தோட வந்தாரு! தலையெல்லாம் நரை. பருந்து மாதிரி கைய விரிக்கப் பாத்தாரு, தோளுக்கு மேல தூக்க முடியல. அந்தப் பாதி கையப் பாத்ததும் நான் கேவிக் கேவி அழுதேன். கனவு கெடல தலைவரே! நீங்க ஜெயிச்சீங்க, நான் தோத்தேன்!

கைதட்டுங்கள், இன்னும் பலமாக! இது இரங்கல் கூட்டம்தான். ஆனால் அவருடைய கூட்டம்!

அன்பர்களே, எதிரணி இல்லாமல் மன்றம் ஏது? ஆகவே சபதம் செய்கிறேன். இன்று முதல் "முகமே வீரன்" அணியில் தலைவரின் நாற்காலியில் நான் உட்காருவேன். என் மூச்சுள்ளவரை அவர் கட்சியைப் பேசுவேன். ஆனால் என் பழைய நாற்காலி காலியாகிறதே! என்னை எதிர்க்க யார் இருக்கிறீர்கள்?

யார் எழுந்தது? சிசாத்தோவா? சத்தமாகச் சொல்லம்மா, பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நானே திருப்பிச் சொல்கிறேன், கேளுங்கள்: "அப்பா சந்தையிலேருந்து வந்துட்டாருன்னு மாடிப்படியில நடைய வெச்சேதான் கண்டுபிடிப்பேன். முகம் எதுக்கு மாமா?"

அடேயப்பா! முப்பத்தொரு வருடத்தில் எனக்கு இந்த வாதம் தோன்றவில்லையே! இருந்தாலும் விடுவேனா? நான் இப்போது உட்கார்ந்திருப்பது உன் அப்பாவின் நாற்காலி! நடையைக் கேட்டாய், சரி. கேட்டதும் ஏனம்மா ஓடிப் போய்க் கதவைத் திறந்தாய்? எதைப் பார்க்க?

பதில் சொல் தாயே. மன்றம் காத்திருக்கிறது.