ஓடையின் வளைவு

காலை ஏழு நாற்பது. ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, முன் சீட்டுக்காரர் இரு கையாலும் பிடித்திருந்த மூங்கில் கழி. அதில் நெடுகச் சிவப்புக் கோடுகள். அவரும் பக்கத்தில் இருந்த இளைஞரும் நகரசபைக் கால்வாய் வேலையாட்கள்.

"எஞ்சினியருக்கே பாடம் சொன்னீங்களாமே அண்ணே?"

"பாடம் என்ன பாடம்! வளைவை வெட்டி ஓடையை நேராக்கினா தண்ணி என் வீட்டுக்குள்ள வந்து நிக்கும்னு சொன்னேன். அவர் அளந்தது மாசியில. காஞ்ச ஓடை யார் சொன்னாலும் கேக்கும்."

"நம்பினாரா?"

"எங்க நம்பினாரு! இந்தக் கழியைக் காட்டினேன். ஒவ்வொரு மழைக்கும் கோடு போட்டு வெச்சிருக்கேன். வளைவுக்கு மேல்பக்கம் தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறும். வளைவு தாண்டி, எங்க வீட்டுப் பக்கம், முழங்காலோட நின்னுடும்."

"அப்புறம்?"

"நேத்து சாயங்காலம் கொட்டுற மழையில வந்தாருப்பா. குடை பறந்துடுச்சு, மனுஷன் நகரலை. ஓடையில இறங்கி, வளைவுக்கு ரெண்டு பக்கமும் அவரே கழியை வெச்சு அளந்தாரு."

"பெரிய மனசுதான் அண்ணே. நம்ம மேஸ்திரியா இருந்தா கழியை ஒடிச்சு அடுப்புல வெச்சிருப்பான்."

"அளந்ததும் கிளம்பிட்டாரு. கழியை மட்டும் ஆபீசுக்குக் கொண்டு வரச் சொன்னாரு. அதான் போறேன்."

பஸ் ஓடைப் பாலத்தைக் கடந்தது. வளைவை வெட்டுவதற்காக அடித்திருந்த முளைக்குச்சிகளை இரண்டு பேர் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.