மூன்றாவது தடவை சுடவைத்த காப்பி

பெயர் ஹம்சினி, வயது 41, கணவர் பெயர் பரத்வாஜ். விலாசம், மயிலாப்பூர் சித்திரக்குளம் அருகில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. தொழில் வீட்டு வேலை. தொழில் இல்லை என்று எழுத வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதன்பேரில் அவ்வாறே எழுதப்பட்டது.

மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் என் மாமனார் கஸ்தூரிரங்கனுடனும் (வயது 76) குடியிருந்து வருகிறேன். மாமியார் காலமாகிவிட்டார். ராஜா அண்ணாமலைபுரத்தில் பல் ஆஸ்பத்திரி நடத்திவரும் டாக்டர் தாரணி தப்பான ஊசி போட்டதில் என் மாமனாரின் நாக்கு வெந்துவிட்டதாக என் கணவர் கொடுத்த மனு சம்பந்தமாக இன்று காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டேன். மனுவில் சாட்சி என்று என் பெயரை அவரே போட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்னைக் கேட்டு எது நடந்தது?

சென்ற வெள்ளிக்கிழமை மதியம் மாமனாரை ஆட்டோவில் ஏற்றி மேற்படி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. அவர் கோயில் கோஷ்டியில் மற்றவர்களோடு நின்று பிரபந்தப் பாசுரம் சேவிக்கிறவர். சாயங்காலம் உதடு கோணிக்கொண்டு போய் நிற்க முடியாது, பல் மட்டும் மரத்தால் போதும் என்று உட்காரும் முன்பே சண்டை போட்டார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். மேல் பல்லாக இருந்தால் ஈறில் ஒரு ஊசி போட்டாலே மருந்து எலும்பு வழியாக ஊறி வேருக்குப் போய்விடும். கீழ்த்தாடை எலும்பு கெட்டி, அப்படி ஊறாது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, பல்லுக்கும் ஈறுக்கும் இடுக்கில் போடும் சின்ன ஊசி. அதில் அந்தப் பல் மட்டும் மரக்கும், சீக்கிரம் விட்டுவிடும், ஆனால் சீழ் வைத்த பல்லுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, தாடைக்குப் பின்னால் நரம்புப் பக்கத்தில் போடுவது. அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் அந்தப் பக்கத்துப் பாதி உதடும் பாதி நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் சேர்ந்து மரத்துவிடும். இவர் சின்ன ஊசிதான் வேண்டும் என்றார். டாக்டரும் அதையே போட்டார்.

அதன் பிறகு பல் குடையும் மிஷினை வைத்ததும் மாமனார் வலியில் துள்ளி எழுந்துவிட்டார். அதன் பிறகு டாக்டர் அவரிடமும் என்னிடமும் கேட்டு, இருவரும் சரி என்ற பிறகே இரண்டாவது ஊசியைப் போட்டார். மனுவில் என் கணவர் எழுதியிருப்பதுபோல் டாக்டர் தொழில் தெரியாமல் ஊசி ஊசியாய்க் குத்திப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் கணவர் அப்போது ஆபீசில் இருந்தார்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர், "மூணு நாலு மணி நேரம் சூடா எதுவும் குடுக்காதீங்க. சுட்டாலும் அவருக்குத் தெரியாது" என்று என்னிடம் சொன்னார். மிஷின் சத்தம் பிடிக்காது என்று மாமனார் இரண்டாவது ஊசிக்குப் பிறகு காது மிஷினைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். ஆகவே அது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போதே காப்பி கேட்டார். டாக்டர் சொன்னதைக் காதருகில் போய்க் கத்திச் சொன்னேன். "எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். அதன் பிறகு வெதுவெதுப்பாகக் கலந்து கொடுத்தேன். அவர் டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கிறவர் இல்லை. அண்ணாந்து தூக்கி விட்டுக்கொள்வார். எச்சில் பண்ணிக் குடிப்பது எங்கள் ஆத்தில் வழக்கமில்லை. வலது பக்கப் பற்கள் கூசும் என்பதால் எப்போதும் இடது பக்கமாகத்தான் விட்டுக்கொள்வார். மரத்திருந்ததும் அந்தப் பக்கம்தான். ஒரு வாய் விட்டுக்கொண்டு, "ஆறி அவலாப் போயிருக்கு. இதையா மனுஷன் குடிப்பான்?" என்று டம்ளரை நகர்த்தினார்.

திரும்பவும் சுடவைத்துக் கொடுத்தேன். என் கைக்கு அது நல்ல சூடு. அதற்கும், "இத்தனை வருஷத்துல ஒரு காப்பி போடக் கத்துக்கலையே. உங்காத்துல என்னத்தைச் சொல்லிக் குடுத்தா?" என்றார். காலை நாலரைக்கு எழுந்தவள் நான். அன்று இன்னும் சாப்பிடக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு மூன்றாவது தடவை காப்பியைக் கொதிக்க வைத்தேன். பொங்கி அடுப்பில் வழிந்தது. டபராவைப் புடவைத் தலைப்பால்தான் பிடிக்க முடிந்தது. கொண்டுபோய் வைத்தேன், கொதிக்கிறது என்று நான் எச்சரிக்கவில்லை.

சாயங்காலம் மரப்பு விட்டதும் அலற ஆரம்பித்தார். நாக்கின் இடது பாதியும் கன்னத்தின் உள்பக்கமும் கொப்புளம். டாக்டருக்குப் போன் செய்தேன். "சூடா ஏதாவது குடிச்சாரா, மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் இல்லை என்றேன். அதை வைத்துத்தான் என் கணவர் ஊசி மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டினார், குடியிருப்பு வாட்ஸ்அப்பில் டாக்டரின் போட்டோவைப் போட்டார், இங்கே மனுவும் கொடுத்தார். டாக்டரிடம் யாரும் வருவதில்லையாம். நேற்று அந்த ஆஸ்பத்திரி வழியாகக் காய் வாங்கப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். காய் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

வேண்டுமென்றே கொடுத்தீர்களா என்று உதவி ஆய்வாளர் சுந்தரவல்லி கேட்டதற்கு, வெந்து போகட்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவும் இல்லை என்று பதில் சொன்னேன். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், அது வழக்குக்குத் தேவையில்லை என்றார்கள், இருந்தாலும் எழுதச் சொன்னேன். அந்த மூன்றாவது காப்பியை அவர் கடைசிச் சொட்டு வரை விட்டுக்கொண்டு, "இப்பத்தான் காப்பி மாதிரி இருக்கு" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டருக்கு எதிராகச் சொல்லிவிட்டு வருவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மேலே உள்ளது யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னது. வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ஹம்சினி