நின்ற வண்டியில் கை வைக்காதீர்கள்

தலைமை நாற்காலியில் தளராமல் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! இவளைப் பேசவிட்டால் என்ன ஆகுமோ என்று இப்போதே வியர்வை துடைத்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! வாடகை வண்டி ஓட்டியே வாலிபத்தைக் கரைத்து, வளைந்த முதுகோடு முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தவர்களே! ஓட்டப் போனவர் வீடு திரும்பும்வரை உலையிலும் மனசிலும் நெருப்பை அணைக்காத தாய்மார்களே! ஸ்டாண்டின் சிங்கங்களே, ஸ்பேனர் ஏந்திய வேங்கைகளே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். வணங்கிவிட்டுத் திட்டப்போகிறேன்.

கைதட்டாதீர்கள். கடைசியில் தட்ட மனசு வருகிறதா என்று பார்ப்போம்.

போன வாரம் செயலாளர், ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் கடைக்கு வந்தார். நான் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். "ஆண்டு விழாவில நம்ம ஸ்டாண்டோட ஒற்றுமையைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்மா" என்றார். ஒற்றுமை! என்ன அழகான சொல்! அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒற்றுமையாகக் கூடி என் மகனின் வண்டியைக் கொன்றீர்களே, அந்த ஒற்றுமையைப் பற்றி.

செயலாளர் தம்பி, உட்காருங்கள். மைக்கைப் பிடுங்கலாம் என்று எழுந்திருக்க வேண்டாம். உங்கள் வண்டிச் சீட்டில் எந்த இடம் கிழிந்திருக்கிறது, எதனால் கிழிந்தது என்று தைத்தவளுக்குத் தெரியும். சபையில் சொல்ல வைக்காதீர்கள்.

பார்த்தீர்களா, உட்கார்ந்துவிட்டார்.

நம் ஸ்டாண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டி நின்றுவிட்டால் அத்தனை பேரும் சவாரியை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள். ஒருவர் கையில் ஜாக்கி, ஒருவர் கையில் ஸ்பேனர், ஒருவர் கையில் வாளி நிறைய மண்ணெண்ணெய். இதற்குக் 'கை வைக்கிறது' என்று பெயர். கை வைக்க வராதவனுக்கு அப்புறம் டீ வாங்கித்தர ஆள் கிடையாது. பழைய வண்டிகளின் காலத்தில் பல குடும்பத்துக்குச் சோறு போட்ட வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலம் மாறியதே, கண்டீர்களா? வண்டியோடு வாரண்டி வந்ததே, யோசித்தீர்களா?

என் மகன் வண்டி வாங்கினான். கம்பெனி கொடுத்த காலம் முடிந்ததும், மேற்கொண்டு பணம் கட்டிக் கூடுதல் வாரண்டியும் எடுத்தான். எஞ்சின் போனாலும் கியர்பாக்ஸ் போனாலும் அவர்கள் செலவிலேயே சரிசெய்து தருவார்கள். வாடகை வண்டிக்குச் செல்லுமா என்று கேட்டு, செல்லும் என்று எழுதி வாங்கினான். அவர்கள் சொன்ன பட்டறையில், அவர்கள் சொன்ன நேரத்தில் எண்ணெய் மாற்றினான். ரசீதுகளை என் தையல் பெட்டியில் பத்திரப்படுத்தினான். மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால், நடுவழியிலும் வண்டியை நிறுத்தினான். "பயந்தாங்கொள்ளி" என்று நீங்கள் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்றும் சொல்லவா? வேண்டாம், விழா நடக்கட்டும்.

வாரண்டி விற்றவர் ஒரு பல்லைக்கூட மறைக்காமல் சிரித்தார். "எது போனாலும் நாங்க இருக்கோம்மா" என்றார். அந்தப் பல்வரிசை இன்னும் என் கண்ணுக்குள்ளே நிற்கிறது. எது போனாலும் இருப்போம் என்றவர், எதைச் செய்தால் இருக்கமாட்டோம் என்று சொன்னாரா? சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், தாய்மார்களே! வாங்கும்போதே வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும்!

ஒருநாள் காலையில், ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது, கியர்பாக்ஸிலிருந்து கல்லை மெல்லுவதுபோல் ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. என் மகன் இறங்கினான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்றான்.

அப்போது வந்தார் கைராசிக்காரர். அவர் கை பட்டால் கட்டையில் கிடக்கும் வண்டியும் கிளம்பும் என்று நீங்கள் வைத்த பெயர் அது. நீலச் சட்டை. வலது கையை மடித்திருந்தார், இடது கையை மடிக்கவில்லை. இதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எவனுக்குடா போனு? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"இல்லண்ணே, வாரண்டி இருக்கு..."

"வாரண்டிக்காரன் வந்து அடியில படுப்பானா? கோட்டு கசங்கிடும்டா அவனுக்கு! தள்ளு மாப்ளே!"

எல்லோரும் சிரித்தீர்கள். என் மகனுக்கு வெட்கமாகிவிட்டது. அவனும் சிரித்தான். எடுத்த போனைத் திரும்பப் பைக்குள்ளே போட்டான். அய்யா, அவன் பிறந்ததை மறந்தாலும் மறப்பேன், அந்தக் கை அந்தப் பைக்குள் போனதை மறக்கமாட்டேன்!

கியர்பாக்ஸை இறக்கினீர்கள். பிரித்தீர்கள். ஆளுக்கொரு பல்சக்கரத்தை எடுத்து அலசினீர்கள். மத்தியானம்வரை பார்த்தும் வழி தெரியவில்லை. அதற்கப்புறம்தான் கம்பெனிக்குப் போன் போனது. பார்க்க ஆள் வருகிறார் என்றதும் என்ன செய்தீர்கள்? "பெரிய மனுசன் வர்றாரு, பார்க்க லட்சணமா இருக்கட்டும்" என்று மண்ணெண்ணெயில் இன்னொரு தரம் கழுவி, துணியால் துடைத்து, பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக அடுக்கினீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்குசெய்வதுபோல!

வந்தவர் குனிந்து பார்த்தார். "யார் பிரிச்சது?" என்றார்.

"நாங்கதான் சார்!" என்ன பெருமை! என்ன கோரஸ்!

"உள்ளே இருந்த எண்ணெய்?"

"சாக்கடையில ஊத்திட்டோம் சார். ஒரே நாத்தம்."

"உடைஞ்ச துண்டு ஏதாவது?"

"குப்பையில போட்டாச்சு சார். கையைக் கிழிச்சிடும்ல?"

நீங்கள் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தார். "எதனால உடைஞ்சதுன்னு நான் எதைப் பார்த்துச் சொல்றது?" என்று கேட்டார். பிணத்தைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி வைத்துவிட்டு, காயம் எங்கே என்று பார்க்கச் சொன்னால் யார்தான் என்ன சொல்வார்?

கம்பெனி கைவிரித்தது. பார்வையிடுமுன் பிரிக்கப்பட்ட வண்டிக்குப் பொறுப்பில்லை என்றது. எத்தனை தடவை போன் போட்டேன்! "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண் சொல்லுவாள், அப்புறம் ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் நெஞ்சு எரியும். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை. 'திறக்காதே' என்ற ஒரு வார்த்தையைக் கொட்டை எழுத்தில் வண்டிக்குள்ளே ஒட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? சிகரெட் பெட்டியில்கூட உடம்புக்குக் கேடு என்று போடுகிறானே!

பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மீதியைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

புது கியர்பாக்ஸ் போடக் காசில்லை, வண்டி படுத்தது படுத்ததுதான். வண்டி இல்லாத ஓட்டுநர் என்ன செய்வான்? கல்குவாரியில் டிப்பர் லாரி ஓட்டப் போனான். பழைய வண்டி. "பிரேக் சரியில்லைன்னு சொன்னா, வேற ஆளைப் பார்த்துக்கறேங்கிறாங்கம்மா" என்றான். இறக்கத்தில் அது நிற்கவில்லை.

அவனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் நீங்கள்தான். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தீர்கள். அன்றும் கை வைத்தீர்கள். அதே கைகள். வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நகக்கண்ணில் கருப்பு எண்ணெய்.

ஏன் அழுகிறீர்கள்? உங்கள் அழுகையை வைத்து நான் என்ன செய்ய?

இன்று காலைக் கதையைக் கேளுங்கள். இதே மண்டபத்து வாசலில் ஒரு வண்டி நின்றுபோனது. யாருடையது? கைராசிக்காரருடையது! எந்த இடத்தில் நோய்? கியர்பாக்ஸில்! வாரண்டி உண்டா? உண்டு! ஆனால் அவர் கைக்கு முதலில் வந்தது எது? ஸ்பேனர்! கற்றுக்கொண்டாரா? ஒரு கல்லாவது கரைந்ததா? அவர் பின்னால் ஆறேழு பேர், சட்டையை மடித்துக்கொண்டு!

ஸ்பேனர் படுவதற்குள் நான் போய் ஸ்டியரிங்கிலிருந்து சாவியை உருவிக்கொண்டேன்.

"அம்மா, சாவியைக் குடுங்க. சவாரி நிக்குது."

"நிக்கட்டும்."

"என் வண்டிம்மா, நான் பார்த்துக்கறேன்."

"அவன் வண்டியையும் நீதானே பார்த்துக்கிட்டே? உன் பையன் லைசென்ஸ் எடுத்துட்டான்ல? அவனும் டிப்பர் ஓட்டப் போகணுமா?"

சாவி இதோ, என் உள்ளங்கையில் இருக்கிறது. வாழ்த்துரைக்கு வந்தவள் ஏன் கையை மூடியே வைத்திருக்கிறாள் என்று பார்த்தீர்களே, இதனால்தான்.

கைராசிக்காரரே, எழுந்து மேடைக்கு வாருங்கள். வாருங்கள். உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சாகும்வரை மன்னிக்கமாட்டேன். ஆனால் இன்னொரு வீட்டு வாசலில் அந்த நகக்கண்களைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

அன்பான சபையே! வண்டி நின்றால் நிற்கட்டும். நிற்கிற வண்டியைக் கிளப்பிப் பார்க்காதீர்கள், தள்ளிப் பார்க்காதீர்கள், துடைத்துப் பார்க்காதீர்கள். ஒழுகிய எண்ணெய் ஒழுகிய இடத்திலேயே கிடக்கட்டும். உடைந்த துண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். உங்களுக்குக் கை அரித்தால் நண்பன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடி நின்று காவல் இருங்கள், அதுவும் கை கொடுப்பதுதான்! யார் திறக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் வாயிலிருந்தே கேட்டு, எழுத்தில் வாங்கும்வரை ஒரு திருகாணியும் திரும்பக்கூடாது. திரும்பக்கூடாது! திரும்பவே கூடாது!

வந்துவிட்டாரா? சரி. பையிலிருந்து போனை எடுங்கள். மைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், எல்லோரும் கேட்கட்டும். போடுங்கள்.

ம்... அந்தப் பெண் பேசுகிறாள். அடுத்தது அந்தப் பாட்டு. பரவாயில்லை, காத்திருப்போம். நான் நிறையக் காத்திருந்தவள். அதற்குள் என் கடமையை முடித்துவிடுகிறேன். வாய்ப்புத் தந்த தலைவருக்கும், வசவைப் பொறுத்த செயலாளருக்கும், வாய்மூடிக் கேட்ட சபைக்கும் என் நன்றி, என் வணக்கம்.

இதோ, ஆள் எடுத்துவிட்டார்கள். பேசுங்கள் கைராசிக்காரரே. என் மகன் சொல்ல நினைத்ததை அப்படியே சொல்லுங்கள்:

"வண்டி நின்னுபோச்சுங்க. இன்னும் யாரும் கை வைக்கல."