இடமா வலமா என்று கேட்ட ரெமெடியோஸ்

மேடையில் இருக்கும் அருள்தந்தை அவர்களே, ரெமெடியோஸின் மகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் திரு. கொர்டோவா அவர்களே, என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து நாட்களாக வரவில்லை. இன்று காலை அடக்கத்திலும் வரவில்லை. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திருமதி ரெமெடியோஸ் இபான்யெஸ் இந்த செபு நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள், வெளிநாட்டு மருத்துவர்களின் குரல் பதிவுகளைக் கேட்டு அறிக்கையாக எழுதியவர். அவருக்கு வேலை பழக்கிய நான் முதல் நாள் சொன்ன விதி ஒன்றுதான்: காதில் விழாததை ஊகித்து எழுதாதே. அந்த இடத்தில் வெறும் கோடு போட்டு, மருத்துவரிடமே கேள்.

ஒருமுறை, காலில் அறுவை செய்ய வேண்டிய நோயாளியின் அறிக்கை. பதிவில், எந்தக் கால் என்று மருத்துவர் சொல்லும் நேரத்தில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போய், அந்தச் சொல்லை மறைத்துவிட்டது. ரெமெடியோஸ் கோடு போட்டார். கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"அக்கா, இடமோ வலமோ ஒண்ணைப் போட்டுத் தள்ளுங்களேன். நேரமாகுது!"

"போட்டுடலாம் தம்பி. அறுக்கப் போறது உன் காலா இருந்தா எதைப் போடட்டும்?"

அறையே சிரித்தது. மருத்துவரின் பதில் வந்தது: இடது.

சென்ற ஆண்டு, கணினியே கேட்டு எழுதும் முறை வந்தது. ரெமெடியோஸ் அதே பதிவை அதற்குப் போட்டுக் காட்டினார். தயங்காமல் 'வலது' என்று எழுதியது!

நாற்பது பேர் இருந்த அறையில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். என்ன வேலை? கணினி எழுதியதன் கீழே 'முழுவதும் கேட்டுச் சரிபார்த்தேன்' என்று கையெழுத்திடுவது. பதிவு பன்னிரண்டு நிமிடம். கொடுத்த நேரம் இரண்டு நிமிடம். எப்படிக் கேட்பது? எட்டுப் பேர் கேட்காமல் கையெழுத்திட்டார்கள். ரெமெடியோஸ் பன்னிரண்டு நிமிடமும் கேட்டார். வெள்ளிதோறும் வேகப் பட்டியலில் அவர் பெயர் கடைசி. பட்டியலை ஒட்ட வந்தவரிடம், "சாஞ்சிருக்குப்பா, நேரா ஒட்டு" என்றாராம்.

செவ்வாய் காலை வேலைக்குப் புறப்பட்டவர், வாசலில் விழுந்தார்.

நேற்று, சவப்பெட்டி அருகே, திரு. கொர்டோவா என்னிடம் வந்தார்.

"மேடம், ஓய்வெல்லாம் போதும். அவங்க இடத்துக்கு நீங்க வாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா, பிள்ளைங்க கேள்வி கேக்காம போடுவாங்க."

துக்க வீட்டில் நாம் யாரையும் வாசல்வரை வழியனுப்புவதில்லை. நல்லதாயிற்று. அவர் கிளம்பியபோது நான் எழவில்லை.

என் பதிலை இப்போது சொல்கிறேன், ஐயா. நாளை வருகிறேன். பன்னிரண்டு நிமிடப் பதிவைப் பன்னிரண்டு நிமிடமும் கேட்பேன். கேட்காத எதன் கீழும் என் பெயர் இருக்காது. நீங்கள் என்னை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பீர்களோ, அத்தனை நாள்.

பிள்ளைகளே, உங்கள் வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும். அதை அறியாதவள் அல்ல நான். கணவர் போன பின் என் அடுப்பையும் நானேதான் எரிய வைத்தேன். யாரையும் என் பின்னால் வரச் சொல்லவில்லை. ஆனால், 'அந்த அம்மாவே கேட்காமல் போட்டார்' என்று சொல்லி இனி ஒருவரும் கையெழுத்திட முடியாது.