நிறுத்தி வைத்த நோட்டீஸ்

பிரிண்டரில் தாள் சிக்குவது பெரிய கோளாறு அல்ல. பின்மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அன்று தாள் சிக்கிவிட்டது என்று நான் சொன்னபோது யாரும் சந்தேகப்படவில்லை.

நான் கண்டி டவுனிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் போய்வரும் கிளாக்கர். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதமும் சொல்லிக் கொடுப்பேன். பிள்ளைகள் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

அன்று காலை மழை விடவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது, ஆட்களை உடனே இறக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரை நோட்டீஸை மெயிலில் அனுப்பிவிட்டுப் போனிலும் சொன்னார். ஆபீஸ் சீல் குத்திய தாளைக் கண்ணால் கண்டால்தான் கொழுந்துக்குப் போன பெண்கள் மலையை விட்டு இறங்குவார்கள். வாய்ச்சொல்லை நம்பி இறங்கினால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். போன வருஷம் அப்படி இறங்கியவர்களுக்குப் பேர் போடாமல் விட்டவன் நான்தான். சட்டம் சட்டம்தானே.

பிரிண்டரில் டோனர் முடியப்போகிறது என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காட்ரிஜைக் கழற்றி ஆட்டிப் போட்டும் அணையவில்லை. நோட்டீஸோ தடித்த எழுத்து, லயத்துக்கு ஒன்று வேண்டும். திங்கட்கிழமை பரீட்சைக்குப் போகும் என் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாளும் அடிக்க வேண்டியிருந்தது. நோட்டீஸ் மங்கலாக வந்தாலும் வாசிக்கலாம். முக்கோணம் மங்கினால் கோணம் தெரியாது. ஆகவே நோட்டீஸை நிறுத்தி வைத்துவிட்டு வினாத்தாளை முன்னால் விட்டேன். ரத்துச் செய்யவில்லை, சேர், விசாரணையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரிண்டரில் நிறுத்தி வைப்பது வேறு, ரத்துச் செய்வது வேறு.

நோட்டீஸை மேலே கொண்டுபோக ஜெயராணி வெளி விறாந்தையில் காத்திருந்தாள். ஆபீசைக் கூட்டித் துடைப்பவள், மேல் லயத்துக்காரி. மழையால் அன்று பள்ளிக்கூடம் இல்லை. அவள் மகள் கிருஷாந்தி வீட்டில் இருந்தாள். என்னிடம் படிப்பவள்தான்.

"ஐயா, தாளு வந்துருச்சுங்களா? புள்ள தனியா இருக்கா."

"உள்ள சிக்கிருச்சு. இரு, எடுத்துர்றேன்."

"மெசினு ஓடுற சத்தம் கேக்குதுங்களே?"

"டெஸ்ட் பேஜ்."

அதையும் நம்பினாள். கொஞ்சம் கழித்துக் கதவருகே வந்து நின்றாள்.

"கையால எழுதி சீல் குத்திக் குடுங்கய்யா. நான் ஓடிருவேன்."

கையெழுத்து செல்லாது என்றேன். செல்லும். துரையே எத்தனையோ தடவை அப்படிக் கொடுத்திருக்கிறார். தாள் இல்லாமல் போனால் அவளுக்கும் அன்றைக்குப் பேர் இல்லை என்று சொன்னதும் திரும்பிப் போய் விறாந்தை வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

கடைசி வினாத்தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தபோது, லொறியில் கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. கரண்ட் போனது. ஜெயராணி மழைக்குள் ஓடினாள். நான் தாள்களை நனையாத இடத்தில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். மேல் லயம் இருந்த இடத்தில் மண் மட்டும் இருந்தது. இறங்கிவந்து பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்க வேண்டிய தாய்மார் இன்னும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

தாள் சிக்கவில்லை, சேர். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்த அன்று நோட்டீஸை விடுவித்தேன். எல்லாம் கறுப்பாக, தெளிவாக வந்தன. டோனர் போதுமாகத்தான் இருந்திருக்கிறது.

தள்ளிப்போட்ட பரீட்சை பிறகு நடந்தது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்தேன். வினாத்தாள்கள் நிறைய மிஞ்சின. கிருஷாந்தியின் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நல்ல பிள்ளை.

ஜெயராணி இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அன்று நான் பிடித்து உட்கார வைத்திராவிட்டால் அவளும் மேலேதான் இருந்திருப்பாள். அதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.