அக்கீ பார்க்கத் தெரிந்தவள்

உங்கள் ஸ்டேஷன் வாசல் மாமரத்தில் யாரும் பழம் பறிப்பதில்லை போலிருக்கிறது, சார்ஜென்ட். இரண்டு பழத்தை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஷெர்னெட் கண்ணில் பட்டிருந்தால் மறுநாளே கூடையோடு வந்து நின்றிருப்பாள்.

கனடாவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஜமைக்காவுக்கு, நம் கிங்ஸ்டனுக்கே திரும்பியவள் அவள். புருஷன் ஏன் கூட வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இப்போது அது வேண்டாம். வந்த மூன்றாம் மாதம் எங்கள் சர்ச்சில் ஒரு குழு ஆரம்பித்தாள். சனிக்கிழமை காலையில் தொண்டர்கள் துறட்டியும் கூடையுமாக வீடு வீடாகப் போவார்கள். கொல்லையில் வீணாகிற பழத்தைப் பறித்து மூன்று பங்கு போடுவார்கள். வீட்டுக்காரருக்கு ஒன்று, பறித்தவர்களுக்கு ஒன்று, சர்ச்சின் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று. நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை.

மாம்பழத்தை யாரும் பறிக்கலாம். அக்கீக் காய் அப்படியில்லை. மரத்திலேயே தானாக வெடிக்க வேண்டும். சிவந்த தோல் பிளந்து கறுப்பு விதை எட்டிப் பார்த்தால்தான் அது சாப்பாடு. அதற்கு முன்னால் விஷம். உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் கூடைக்குள் விழுந்த பிறகு, தானாக வெடித்தது எது, விழுந்த அடியில் பிளந்தது எது என்று பிரிக்க ஒரு கண் வேண்டும். பத்தொன்பது வருஷமாக எங்கள் சர்ச்சில் அந்தக் கண் என்னுடையது. ஆர்கன் வாசிக்கும் மிஸ்டர் டாம்லினுக்குப் பார்வை கிடையாது. தட்டை முன்னால் வைத்தால், "டெல்ரோஸ் பார்த்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்.

மார்ச் மாதம் ஷெர்னெட் வந்து சொன்னாள்: "மிஸ் டெல்ரோஸ், இனிமே நீங்க டீ பக்கம் பாத்துக்குங்க. நீங்க பேச ஆரம்பிச்சா கூடை அப்படியே கெடக்குது."

"வாய் பேசினா என்னம்மா, கை ஓடிட்டுதானே இருக்கு?"

"கை ஓடுது ஆன்ட்டி, ஆனா தெருவுல ஒரு குடும்பம்கூட மிஞ்சலையே!" என்றான் துறட்டி பிடிக்கிற கீமார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஷெர்னெட் போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயையும் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோலப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மூன்று மாதம் டீ ஊற்றினேன். பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்து ஜெபம் பண்ணுங்க, சிஸ்டர்" என்றார். டீயில் இஞ்சி கூடிவிட்டதென்று அவரும் ஒரு குறை சொன்னார்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை என் வீட்டு மரத்துக்கே வந்தார்கள். கீமார் வெடித்தது வெடிக்காதது எல்லாவற்றையும் இழுத்துப் போட்டான். ஷெர்னெட் பிரித்தாள். சரியாகத்தான் பிரித்தாள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெடிக்காதது ஒரு கூடை நிறைய ஒதுங்கியது.

"இதைக் குழி தோண்டிப் போட்டுடுங்க, மிஸ் டெல்ரோஸ். நல்லதை மட்டும் சுத்தம் பண்ணி நாளைக்குக் கொண்டு வந்துடறீங்களா? எங்களுக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

பார்க்க என் கண் வேண்டாம். உரிக்க மட்டும் என் கை வேண்டும்.

தோலை உரித்து, விதையை எடுத்து, சிவப்பு நரம்பைக் கிள்ளிவிட்டால் எல்லாச் சுளையும் ஒரே மஞ்சள். இரண்டு பேருக்கு வயிறு புரட்டினால் போதும், போன் படத்தின் அருமை ஊருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

ஞாயிறு காலை, உப்பு மீனோடு வதக்கிய அக்கீ மேஜைக்கு வந்தது. மிஸ்டர் டாம்லின் வழக்கம்போலக் கேட்டார். மூன்று மாதமாக அவருக்கு அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை, ரொட்டியோடு எழுந்துவிடுவார். அன்று ஷெர்னெட் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இன்னிக்கு மிஸ் டெல்ரோஸ் கை பட்டது. அடுத்த வாரத்துலேந்து பார்க்கறதும் அவங்கதான். நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

கைதட்டினார்கள். கீமார் விசில்கூட அடித்தான்.

மிஸ்டர் டாம்லின் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்படியா டெல்ரோஸ்? நீ பார்த்ததுதானா?"

அப்போது அந்தத் தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். யோசிக்கவும் செய்தேன். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சார்ஜென்ட். மூன்று மாதத்துக்குப் பிறகு.

"ஆமா, மிஸ்டர் டாம்லின். ஒவ்வொண்ணா நான்தான் பார்த்தேன்."

பசியோடு இருந்திருக்கிறார், பாவம். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் அடக்கத்தன்று ஆர்கன் வாசிக்க ஆளில்லை; யாரோ போனில் பாட்டுப் போட்டார்கள்.

அங்கேதான் ஷெர்னெட் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னாளாம்: "பாவம், அவங்களுக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிப்போச்சு, ஒண்ணும் பண்ணிடாதீங்க." நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்களாம், பார்வைக் குறைவால் நேர்ந்த தவறு என்று. இப்போது தெருவில் என் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்ட வைக்கிறார்கள். கீமார் என் வீட்டுக் கதவு எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறான்.

அதைத் திருத்தத்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். வெடிக்காத காயாகப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்துப் போட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை. என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.